ஐந்து டன் வீடு

வாரியத்துக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. ரொட்டிக்காரரும் அப்படித்தான். ரொட்டி ஆலையில் அடுப்புப் பிரிவில் வேலை. ஆலையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் ஆலை என்று இருந்த மனுஷன். யாரிடமும் வம்புக்குப் போனவர் இல்லை. அவர் மனைவிக்கு வியர்ப்பது நின்றுபோகாமல் இருந்திருந்தால் வாரியம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

அவள் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஒரு விஷக் காய்ச்சல் வந்தது, படுக்கையில் போட்டது, போகும்போது வியர்வையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. நமக்கெல்லாம் வெயில் ஏறினால் வியர்க்கும், வியர்த்தால் உடம்பு ஆறும். அவளுக்கு ஏறிய சூடு ஏறியபடியே நிற்கும். முதலில் பேச்சு குழறும், அப்புறம் கண் சொருகும், அதற்கு மேலும் போனால் உயிர் போகும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இருபத்துநாலு டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மருந்து அதுதான் என்றார்.

ஜன்னலில் ஒரு ஏசியை மாட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் அது குற்றம். ஜன்னல் ஏசி வீட்டுச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது என்று தடை போட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தது மண்குளிர் முறை. மண்ணுக்கடியில் குழாய் புதைத்துத் தண்ணீர் ஓடவிடுவார்கள். அந்தத் தண்ணீர் வீட்டுச் சூட்டைச் சுமந்துபோய் மண்ணில் இறக்கிவிட்டுக் குளிர்ந்து திரும்பும். நல்ல யோசனைதான், யாரோ புத்திசாலி கண்டுபிடித்தது. அப்புறம் அதற்கு ஒரு வாரியம் வைத்தார்கள்.

மண்குளிர் அளவீட்டு வாரியம் என்று பெயர். எந்த வீட்டுக்கு எத்தனை டன் இயந்திரம் என்று அளந்து சொல்வது அதன் வேலை. அளவு முக்கியம்தான், மறுப்பதற்கில்லை. சின்னதாகப் போட்டால் வீடு குளிராது. பெரிதாகப் போட்டால் இயந்திரம் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓடி நின்று ஓடி நின்று வீணாகும், வீடும் ஈரம் பூத்துப்போகும். அதனால் வாரியம் அளந்து கையெழுத்துப் போடாமல் யாரும் தன் வீட்டு மண்ணிலேயே கடப்பாரை வைக்கக் கூடாது. வாரியத்தின் வாசலில் ‘குறையாமல், கூடாமல்’ என்று பித்தளையில் பொறித்துத் தினமும் துடைத்து வைக்கிறார்கள்.

ரொட்டிக்காரர் போன முதல் நாளே ஒரு தப்பான கேள்வி கேட்டார். மனைவி இருக்கிற ஒரே ஒரு அறையை மட்டும் குளிரவைத்துத் தர முடியாதா என்றார். கவுன்டரில் இருந்தவர் அதுவரை இப்படி ஒரு அசட்டுக் கேள்வியைக் கேட்டிராதவர்போல அவரைப் பார்த்தார். வாரியத்தின் விதிகளில் வீடு இருக்கிறதாம், அறை இல்லையாம். அறைகளைச் சேர்த்தால்தானே வீடு என்று ரொட்டிக்காரர் இழுத்தார். அது கட்டட வாரியத்தில் கேட்க வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் வீடோ பெரிய வீடு. அப்பா கட்டியது. மாடியும் கீழுமாக மூன்று சகோதரர்களும் குடும்பத்தோடு இருந்தார்கள். பெரியண்ணன் வீட்டுக்குத் தலைவர், குரலும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். நடுஅண்ணன் எதைக் கேட்டாலும் பெரியண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற ரகம். கடைசித் தம்பி நம் ரொட்டிக்காரர். பிள்ளை இல்லை. அண்ணன்மார் பிள்ளைகள் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

அளக்க வந்தவர் கழுத்தில் அளவு நாடாவை மாலை மாதிரிப் போட்டிருந்தார். பிள்ளைகள் அவருக்கு நாடா சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன். சுவர்களை அளந்தார், ஜன்னல்களை அளந்தார், எது மேற்கே பார்க்கிறது என்று குறித்துக்கொண்டார், பல்புகளை எண்ணினார், அடுப்பின் மேல் கையை நீட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் குடும்பத்தைக் கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். போட்டோ எடுக்கப் போகிறார் என்று பெரியண்ணி உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். நாடா சார் போட்டோ எடுக்கவில்லை. வாரியத்தின் பாஷையில் சூடு தருகிறதெல்லாம் சுமை. மனுஷ உடம்பும் சூடு தருகிறது, ஆகவே மனுஷனும் சுமை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று பேனாவால் சுட்டி, ஒரு சுமை, ரெண்டு சுமை என்று எண்ணிக்கொண்டு போனார். டைப்பிஸ்டின் முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கி, இவங்க தனிச் சுமை என்றார்.

எட்டு டன் வந்தது. அளவில் ஒரு தப்பும் இல்லை, நாடா சார் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ரொட்டிக்காரருக்குச் சந்தோஷம். எட்டு டன் இயந்திரத்தை எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்டார். நாடா சார் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, வாரியத்திடம் ஐந்து டன் மட்டும்தான் இருக்கிறது என்றார்.

அப்படியானால் இரண்டு போட்டுவிடலாமே என்றால், ஒரு வீட்டுக்கு ஒரு இயந்திரம் என்பது விதி. வேறு ஊரிலிருந்து வாங்கிக்கொள்கிறோம் என்றால், வாரியம் தராத இயந்திரத்தை வாரியம் அளக்காது. வேறு வழி தெரியாமல் ரொட்டிக்காரர் தலைமைப் பொறியாளரைப் பார்க்கப் போனார். வாரியத்தின் கட்டடத்துக்குள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். அலுவலகங்களுக்கு அளவீடு பொருந்தாது என்பதால் அங்கே ஐந்து டன் இயந்திரங்கள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. தலைமைப் பொறியாளர் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி வரவேற்றார். தன்மையாகத்தான் பேசினார்.

“வீட்டுக்கு ஏத்த மெஷினைத் தேடறது அந்தக் காலத்துப் பழக்கம். அப்ப அளவுங்கற அறிவியலே வளரல. இப்ப நாங்க மெஷினுக்கு ஏத்த மாதிரி வீட்டைக் கொண்டுவர்றோம். அஞ்சு டன்ங்கறது சும்மா வாய்க்கு வந்த நம்பர் இல்ல. ஆழமா ஆராய்ஞ்சு, மொத்தமா வாங்கி, கிடங்கு நிறைய அடுக்கி வெச்சிருக்கோம். மெஷின் சின்னதா இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார்கூட எங்ககிட்ட பதிவானதில்ல. வீடு பெருசா இருக்குன்னுதான் பதிவாகியிருக்கு.”

அப்புறம் எழுந்து வந்து ரொட்டிக்காரரின் தோளில் கை வைத்து, மனசு வைத்தால் எந்த வீடும் ஐந்து டன் ஆகலாம் என்றார். கை ஜில்லென்று இருந்தது.

இப்படித்தான் அந்த வீட்டில் சுமைக் குறைப்பு தொடங்கியது.

முதலில் மேற்கு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். போதவில்லை என்று தெற்கையும் அடைத்தார்கள். பல்புகள் பாதி போயின. ஃபிரிட்ஜ் வாசலுக்குப் போனது, அடுப்பு கொல்லைக்குப் போனது. நடுஅண்ணி மழை பெய்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு குழம்பைக் கிளறினாள். இஸ்திரி பெட்டியைத் தெருமுனையில் இருக்கிற கடையில் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நாடா சார் வந்து அளந்துவிட்டு, இன்னும் கொஞ்சம்தான் என்று ஊக்கம் சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு மனுஷர்கள் பக்கம் வந்தார்கள். நாடா சாரிடம் ஓர் அட்டவணை இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிறவர் ஒரு சுமை. நடக்கிறவர் ஒன்றரை. சண்டை போடுகிறவர் மூன்று. இதைப் படித்துக் காட்டியபோது எல்லோரும் பெரியண்ணனைத்தான் பார்த்தார்கள். அவர் ஒருத்தரே ஒரு நாளைக்கு எத்தனை டன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக்குள் சண்டை போடுவதில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். போடவேண்டியிருந்தால் தெருவுக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவது என்று ஏற்பாடு. அண்ணிமார் இருவரும் குழாயடித் தகராறை வாசலில் வைத்தே தீர்த்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தார் அவரவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பார்த்தார்கள். பெரியண்ணன் தெருவில் கத்தக் கூச்சப்பட்டு, கொஞ்ச நாளில் பேசுவதையே விட்டுவிட்டார். வாரியம் செய்த நல்ல காரியம் என்று அதைத்தான் இன்றுவரை வீட்டில் சொல்கிறார்கள்.

ரொட்டிக்காரருக்கு வேறு தொல்லை. அடுப்புப் பிரிவிலிருந்து வருகிற உடம்பு சாதாரண உடம்பைவிடச் சூடு அதிகம் என்று குறித்துக்கொண்டார்கள். வேலை விட்டு வந்ததும் நேரே உள்ளே போகக் கூடாது, வாசல் கேட்டுக்கு வெளியே நின்று ஆறிவிட்டுப் போக வேண்டும். அவரும் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போகிறவர்கள் வருகிறவர்கள், என்ன சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா என்று விசாரிப்பார்கள். சூடு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பதில் சொல்லுவார். உள்ளே மனைவி எப்படி இருக்கிறாளோ என்று கேட்டின் இடுக்கு வழியாக எட்டி எட்டிப் பார்ப்பார்.

எட்டிப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. ஜன்னலை அடைத்த வீட்டில் காற்றில்லை, இயந்திரமும் இன்னும் வரவில்லை. முன்னாலாவது சாயங்காலம் ஒரு காற்று வரும். இப்போது வீடு சூளை மாதிரி தகித்தது. குளிரவைப்பதற்காக எடுத்த முயற்சியால் அந்த வருஷம் ஊரிலேயே சூடான வீடு அதுவாகத்தான் இருந்திருக்கும். ரொட்டிக்காரர் நாடா சாரிடம் முறையிட்டார். அவர் வருத்தத்தோடு தலையாட்டினார்.

“மெஷின் வந்தா எல்லாம் சரியாயிடும்ங்க. ஆனா மெஷின் வரணும்னா முதல்ல வீடு தகுதி அடையணும். தகுதி இல்லாத வீட்ல குளிரை வெச்சா குளிருக்குத்தானே கெட்ட பேரு.”

ஒரு நாள் மத்தியானம் டைப்பிஸ்ட் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சு குழறி, கண் சொருகி, அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆலைக்கு ஆள் போனது. ரொட்டிக்காரர் ஈரத் துணியில் அவளைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். பிழைத்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் என்னிடம் கொண்டுவராதீர்கள், கொண்டுவந்து பயனிருக்காது என்றார் டாக்டர்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நாடா சார் வழக்கம்போல அளக்க வந்திருந்தார். அன்றைக்கு அவர் கூட்டிய கணக்கைப் பார்த்துவிட்டு அவரே திகைத்துப்போனார். சரியாக ஐந்து டன். ஒரு பொட்டு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் இருபத்தேழு டிகிரி போதும். டைப்பிஸ்ட் ஒருத்திக்காகத்தான் வீடு முழுவதையும் இருபத்துநாலுக்கு இறக்க வேண்டியிருந்தது. அவள் இல்லையென்றால் அந்தச் சுமை இல்லை.

வாரியத்தில் லட்டு கொடுக்காத குறை. தலைமைப் பொறியாளர் ரொட்டிக்காரரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, உங்கள் வீடு ஐந்து டன் ஆகிவிட்டது என்றார். தனிச் சுமை அந்த வீட்டில் வசிக்கக் கூடாது, நிபந்தனை அது ஒன்றுதான்.

“சார், அவளுக்காகத்தான் சார் மெஷினே கேட்டேன்.”

“கேட்ட காரணம் ஒரு பிரிவு, அளவு இன்னொரு பிரிவு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. எங்க கிட்ட வர்றவங்க எல்லாருமே ஏதாவது ஒரு காரணத்தோடதான் வர்றாங்க. நாங்க அதையெல்லாம் கேட்டு மனசு இளகினா அளவு தப்பிடும் இல்லையா?”

வீட்டில் கூடிப் பேசினார்கள். சுமை ஏறக் கூடாதென்று எல்லோரும் அசையாமல் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நடுஅண்ணி இருட்டில் படியிலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வெகு நாளைக்கு அப்புறம் பெரியண்ணன் வாயைத் திறந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

“தம்பி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே. இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒருத்தருக்காக எல்லாரும் வேகணுமா? பின்னாடி ஷெட்டு சும்மாத்தானே கெடக்கு. அது வீட்டுக் கணக்குல வராதுன்னு நாடா சாரே சொன்னாரு.”

நடுஅண்ணன் பெரியண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். ரொட்டிக்காரருக்கு நெஞ்சு எரிந்தது. வாசலுக்குப் போய்ச் சண்டை போடலாம் வாருங்கள் என்று அண்ணனைக் கூப்பிட எழுந்தார். டைப்பிஸ்ட் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“விடுங்க. கோர்ட்ல ரெக்கார்ட் ரூம்ல உக்காந்து டைப் அடிச்சவ நான். அதுக்கு இது மோசமா இருந்துடுமா?”

மோசமாக இல்லைதான், இயந்திரம் வருகிறவரை. தகரக் கூரை என்றாலும் மேலே மரநிழல் இருந்தது, ஒரு பக்கம் சுவரே இல்லாததால் காற்று வந்தது. பிறகு குழாய் புதைக்க ஆட்கள் வந்தார்கள். வீட்டைச் சுற்றியிருந்த மண்ணையெல்லாம் தொட்டுப் பார்த்து, நிழல் இருக்கிற இடத்து மண்தான் குளிர்ச்சி என்று ஷெட்டுக்கு அடியிலும் அதைச் சுற்றியும் தோண்டிக் குழாய்களைப் பரப்பினார்கள். ஆழமாகத் தோண்டினால் பாறை வந்தது. அதனால் மேலாகவே போட்டு மூடிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்குத் தலைமைப் பொறியாளர் வந்தார். ஒரு வீடு தன் மிகையை உணர்ந்து தானே முன்வந்து குறைந்திருக்கிறது, இது மற்ற வீடுகளுக்குப் பாடம் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் வீடு குளிர்ந்தது. நிஜமாகவே குளிர்ந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு வாரத்தில் பெரியண்ணன் சால்வை போர்த்திக்கொண்டார். பெரியண்ணி பிள்ளைகளுக்கு உல்லன் தொப்பி பின்னினாள். அந்த வீட்டிலிருந்து உறிஞ்சிய சூடு அத்தனையும் குழாய் வழியாக வந்து ஷெட்டுக்கடியில் இறங்கியது.

தரை வெதுவெதுப்பாக இருப்பதை முதலில் கண்டுபிடித்தவை பூனைகள். எங்கெங்கிருந்தோ வந்து ஷெட்டில் படுத்துக்கொண்டன. மேலே தகரச் சூடு, கீழே வீட்டுச் சூடு, நடுவில் கட்டிலில் அவள். ரொட்டிக்காரர் தரையில் தண்ணீர் ஊற்றினார், ஆவி வந்தது. நாடா சாரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்து, இயந்திரம் அருமையாக வேலை செய்கிறது என்றார். அப்புறம் கட்டிலைப் பார்த்தார். இவங்க உடம்புச் சூடு மண்ணில் இறங்கினால் வீட்டுக்குக் குளிர் குறையுமே, கட்டில் காலைக் கொஞ்சம் உயர்த்திவிடுங்கள் என்று பதமாகச் சொன்னார். சொன்னபோது அவர் ரொட்டிக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே ரொட்டிக்காரர் வாரியத்துக்குக் கிளம்பினார். அவளை ஷெட்டில் தனியாக விட்டுப் போகப் பயம். நெற்றியில் ஈரத் துண்டைக் கட்டி அவளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். மனுதாரர்கள் காத்திருக்கும் கூடத்தில் மர பெஞ்சில் சாய்த்துவிட்டு வரிசையில் நின்றார். முறை வருவதற்குள் பின்னாலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். திரும்பினால் அவள்தான். கண் தெளிந்திருந்தது, பேச்சு குழறவில்லை, தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, இங்க எவ்வளவு நல்லா இருக்கு பாத்தீங்களா. நீங்க மனு குடுத்தா இன்னிக்கே முடிவு சொல்லிடுவாங்களா?”

வாரியத்தில் அப்படியெல்லாம் நடக்காது என்றார் அவர்.

“அப்ப குடுங்க. ஆனா நான் சொல்ற மாதிரி எழுதுங்க. கோர்ட்ல நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். கேஸ் ஜெயிக்கணும்னு வர்றவன் அழுதுட்டுப் போவான். கேஸ் முடியவே கூடாதுன்னு வர்றவன் வாய்தா வாங்கிட்டு டீ குடிக்கப் போவான். நாம இனிமே ரெண்டாவது ஆளு.”

அன்றிலிருந்து இருவரும் வாரியத்துக்குத் தினமும் போனார்கள். வெயில் இல்லாத ராத்திரியில் ஷெட்டை அவள் தாங்கிக்கொள்வாள் என்று ரொட்டிக்காரர் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். வெயில் ஏறுமுன் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். அவள் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள், அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவார். சாயங்காலம் கூட்டிப் பூட்டுகிறவரை இருக்கலாம், வெயில் தாழட்டும் என்று காவலாளி சொல்லிவிட்டார். அவர் தன் மகளின் வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார், அவளும் எழுதிக் கொடுத்தாள்.

மனுக்களை அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எதையும் தா என்று கேட்காத மனுக்கள். ஒரு பக்கம் சுவர் இல்லாத ஷெட் கட்டடமா, இல்லையா, வாரியம் தெளிவுபடுத்த வேண்டும். தூங்குகிற மனுஷன் முழுச் சுமையா அரைச் சுமையா. கனவில் ஓடினால் நடப்பதாக எடுத்துக்கொள்வதா. வாரியத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. இயந்திரம் வேண்டும் என்று கேட்டு நச்சரிக்கிறவர்களையே பார்த்து அலுத்தவர்களுக்கு, விதியின் மேல் இத்தனை அக்கறையுள்ள ஒரு பொதுஜனம் கிடைத்திருக்கிறது. கனவு விஷயத்துக்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். அந்தக் குழு கூடிக் கலைந்து, இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்று மறுபடி கூடியது. அதிகாரிகள் போகிற வருகிற போது அவளுக்கு வணக்கம் சொன்னார்கள்.

அவள் கன்னத்தில் சதை பிடித்தது. பெஞ்சில் உட்கார்ந்து மற்ற மனுதாரர்களின் கதைகளைக் கேட்டுச் சிரித்தாள். பழைய டைப்பிஸ்ட் திரும்பி வந்துவிட்டாள் என்று ரொட்டிக்காரருக்குத் தோன்றியது. இந்தப் படுபாவிகளின் கூரைக்குக் கீழே நாம் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இந்தக் கோடை முடியட்டும், மழை வந்துவிட்டால் ஒரு வருஷம் தள்ளியாகிவிடும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

கோடை உச்சத்தில் வாரியத்துக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நிலுவை மனு ஒன்றுகூட இல்லாத வாரம் கொண்டாட வேண்டும், மேலிடமே நேரில் வரும். வாரியம் அப்படியொரு வேகத்தில் வேலை செய்ததை எங்கள் ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கூடத்தில் இருந்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டு முடித்து அனுப்பினார்கள். பலருக்கு மறுப்பு, சிலருக்கு அனுமதி. பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கடைசியாக ரொட்டிக்காரரை, விழாவுக்குப் போட்டிருந்த மேடைக்கே கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். இந்தத் தம்பதியின் பொறுமைக்கு வாரியம் தலைவணங்குகிறது என்று தொடங்கினார் தலைமைப் பொறியாளர். “இவங்க ஒரு தடவைகூட எதையும் கேட்டதில்ல. அதனாலதான் குடுக்கணும்னு எங்களுக்கே தோணுச்சு. இவங்க எல்லா மனுவையும் ஒண்ணாச் சேர்த்து, எல்லாத்துக்கும் ஒரே பதிலா, எட்டு டன் மெஷின் அனுமதிக்கிறோம்.” கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

ரொட்டிக்காரர் மேடையிலேயே மைக்குக்கு எட்டாத குரலில் கேட்டார், எட்டு டன் எப்போது வரும் என்று. பக்கத்தில் நின்ற நாடா சார்தான் பதில் சொன்னார். கிடங்கில் இருக்கிற ஐந்து டன்கள் தீர்ந்ததும் தருவிப்பார்கள். கிடங்கு நிறைய இருக்கிறது.

“சார், அதுவரைக்கும் அந்த மனு நிலுவையிலயே இருக்கட்டும் சார். அனுமதியை வாபஸ் வாங்கிக்கோங்க. மறுத்துட்டதா எழுதிக்கோங்க, நான் மேல்முறையீடு பண்ணிக்கறேன்.”

தலைமைப் பொறியாளர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இவ்வளவு அடக்கம் கூடாது என்றார்.

விழா முடிந்ததும் கூடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மனு இல்லாதவர் மனுதாரர் இல்லை, மனுதாரர் இல்லாதவர் கூடத்தில் இருக்கக் கூடாது. மேலிடம் கூடத்தைப் பார்க்க வரும்போது பெஞ்சுகள் காலியாக இருக்க வேண்டும். நல்ல உச்சி வெயில். காவலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டைப்பிஸ்ட் எழுந்து, பெஞ்சில் காயப்போட்டிருந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டாள். கழுத்தில் மாலையோடு நின்ற கணவனைப் பார்த்தாள்.

“நாம கொஞ்சம் அதிகமா நல்லவங்களா இருந்துட்டோம்ங்க.”

படியில் இறங்கியதுமே வெயில் அடித்தது. பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லை. தெருவில் ஒரு ஆட்டோ இல்லை, மேலிடம் வருகிறதென்று எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ரொட்டிக்காரர் வண்டி தேடி நடுத்தெருவுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. மெல்லத் திரும்பிப் படியேறி வந்து, மூடியிருந்த கண்ணாடிக் கதவில் கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொண்டாள். கண்ணாடி ஜில்லென்று இருந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்ததாகக் காவலாளி பிற்பாடு சொன்னார். அவள் மூச்சு பட்ட இடத்தில் கண்ணாடி மங்கியது.

உள்ளே தலைமைப் பொறியாளர் அதைக் கவனித்துவிட்டார். “கண்ணாடியில சாய வேணாம்னு சொல்லுப்பா. உடம்புச் சூடு உள்ள எறங்குது.”

காவலாளி போய்க் கண்ணாடியில் லேசாகத் தட்டினார். நகரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் நகரவில்லை. கண்ணாடியில் மங்கலாக இருந்த இடம் சிறுத்துக்கொண்டே வந்தது, திரும்ப மங்கவில்லை. ரொட்டிக்காரர் படியேறி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். அப்போதுதான் அவள் அப்படியே சரிந்தாள்.

காவலாளி கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டார். குளிர் வெளியே போகிறது, யாரது கதவைத் திறந்தது என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்கள்.